வயர் இல்லாத கிடார்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படிக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் ராக் பேண்ட் வைத்திருக்கிறார்கள். நாங்குநேரிப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குள் டிரம்ஸை இறக்கி, அவர்களுடைய பாட்டு ஒன்றைப் படம் பிடித்தோம். நான்தான் கேமரா. அதை வைத்தே 'பெர்ஃபார்மன்ஸ் வீடியோவின் மரபுகள்' என்று, குழு வாசிப்பதையே காட்டும் வீடியோக்களைப் பற்றி வகுப்புக்குக் கட்டுரையும் எழுதினேன். குளோசப், லிப் சிங்க் (ஓடும் பாட்டுக்கு ஏற்ப உதட்டை அசைப்பது), பீட்டுக்கு வெட்டுவது (தாளத்துக்கு ஏற்ப ஷாட்டை மாற்றுவது), லோ ஆங்கிள், பாடகரே மையம் என்று வரிசையாகச் சொல்லியிருந்தேன். நல்ல மார்க் வந்தது. ஆனால் டிரம்மரின் தாத்தா, வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர், போனில் வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏல, வயரையே காணோம், சத்தம் எங்க இருந்துல வருது?" என்று கேட்டுவிட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மரபுகள் எல்லாமே ஏமாற்றுத்தானா? பார்க்கிறவர்கள் ஏன் கண்டுகொள்வதில்லை?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

வீடியோவைப் பார்த்தேன், கட்டுரையையும் படித்தேன். உங்கள் கட்டுரை தாத்தாவின் கேள்வியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த வரிசையில் தப்பில்லை. ஆனால் அந்த மரபுகள் எதற்காக வந்தன என்று அது சொல்லவில்லை. அவர் கேட்டது அதைத்தான்.

பாட்டு முன்னாடியே ஸ்டுடியோவில் பதிவாகிவிட்டது. குளத்தில் ஒரு ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டு, நால்வரும் அதற்கு ஏற்ப வாசிப்பதுபோலச் செய்தார்கள். எலெக்ட்ரிக் கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லை, ஆம்ப்புக்கு மின்சாரம் இல்லை. சரி, இது நமக்குப் புதிதா? 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜெமினி கணேசன் நாதஸ்வரம் வாசிக்கிறார். ஒலிப்பது நம்ம காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். சாவித்திரி பாடுகிறார், குரல் எஸ். ஜானகியுடையது. காருகுறிச்சியார் கச்சேரியை நேரில் கேட்டுப் பழகிய நெல்லைச் சீமைக்காரர்களும் அந்தக் காட்சியை மனதார ரசித்தார்கள். முகம் ஒருவருடையது, ஒலி இன்னொருவருடையது என்பது படம் எடுத்தவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ராக் பேண்ட் அப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளாது. 'பாட்டை எழுதியதும் நாங்கள், பாடுவதும் நாங்கள், இந்த விரல்தான் இந்தச் சத்தத்தை எழுப்புகிறது' என்பது அதன் அடிப்படை உரிமைக்குரல். ஆனால் படப்பிடிப்பில் ஒலிப்பது பதிவு செய்த பாட்டுதான். அந்த இடைவெளியை அடைக்க வந்தவைதான் நீங்கள் பட்டியலிட்ட மரபுகள். ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. கிடார் தனியாக ஒலிக்கும்போது கிடாரின் கழுத்துப் பலகையான ஃப்ரெட்போர்டில் ஓடும் விரலுக்கு வெட்டுவது, டிரம்ஸ் உருட்டும்போது குச்சிக்குப் போவது, பாடகரின் கழுத்து நரம்பு தெரிகிற அளவுக்கு நெருங்குவது எல்லாம் 'இந்த உடம்பிலிருந்துதான் வருகிறது' என்று சொல்லத்தான். வாயை மட்டும் அசைத்தால் நரம்பு புடைக்காது. அதனால்தான் பிளேபேக் என்றாலும் சத்தமாகவே பாடு என்று பாடகரிடம் சொல்வார்கள். ஸ்லோ மோஷனில்கூட உதட்டை விடமாட்டார்கள். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடகரை அந்த வேகத்தில் பாடச் சொல்லி, நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுப்பார்கள். அதை 24இல் ஓட்டினால் முடியும் வியர்வையும் மெதுவாக மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகச் சேரும். இவ்வளவு பாடுபட்டு அந்த ஒரு சாட்சியைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்த வகை வீடியோ பிறந்ததே நேரில் வர முடியாததற்குப் பதிலாகத்தான். 1966இல் பீட்டில்ஸ் எல்லா டிவி நிலையத்துக்கும் போய்க்கொண்டிருக்க முடியாமல், லண்டனில் சிஸிக் ஹவுஸ் தோட்டத்தில் படமெடுத்து அனுப்பினார்கள். அங்கேயும் கிடாரை எதிலும் செருகவில்லை.

1975இல் குவீன் குழு 'பொஹீமியன் ராப்சடி'க்கு புரூஸ் கவர்ஸ் இயக்கத்தில் எடுத்த வீடியோவை நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும், இந்தமுறை உங்கள் கேள்வியோடு. பாட்டின் நடுவில் மேற்கத்திய இசை நாடகப் பாணியில் வரும் ஆப்பரா பகுதி, சில குரல்களைத் திரும்பத் திரும்பப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. நால்வர் மேடையில் நின்று அதைப் பாடவே முடியாது. கச்சேரிகளில் அந்த இடத்தில் மேடையை விட்டு இறங்கிவிட்டு டேப்பை ஓடவிடுவார்கள். வீடியோ என்ன செய்கிறது? வாசிக்க முடிந்த பகுதிகளில் மேடை, விளக்கு, புகை, வாத்தியம் எல்லாம் இருக்கிறது. ஆப்பரா வந்ததும் வாத்தியங்கள் காணாமல் போகின்றன. இருட்டில் நான்கு முகங்கள். அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்துக்கு மிக் ராக் எடுத்த அட்டைப் படத்தின் அதே அமைப்பு. அப்புறம் ஒரு முகம் பல முகமாகப் பெருகிக்கொண்டே பின்னால் போகிறது. குரல் பெருகியதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டார்கள். எது வாசித்தது, எது ஸ்டுடியோவில் செய்தது என்று வீடியோவே பிரித்துச் சொல்கிறது. ஒரு மரபை எங்கே கைவிடுகிறார்கள் என்று பார்த்தால் அந்த மரபின் வேலை பளிச்சென்று விளங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கூட்டமும் ஒரு சாட்சிதான். நிர்வாணா என்ற ராக் குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வீடியோ (1991, இயக்கம் சாமுவேல் பேயர்) பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கிறது. பிள்ளைகள் முதலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் இறங்கி வந்து எல்லாவற்றையும் உடைக்கிறார்கள். இசை இங்கே, இப்போது நடக்கிறது என்பதற்கு அந்த ரகளையே அத்தாட்சி.

நீங்கள் கூட்டத்தை விலக்கி, வற்றிய குளத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஆளில்லாத இடத்தில் வாசிப்பதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1971 அக்டோபரில் பிங்க் ஃபிளாய்ட் குழு இத்தாலியில் இடிபாடாகக் கிடக்கும் பொம்பெய் நகரத்துப் பழைய அரங்கில், பார்வையாளரே இல்லாமல் வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக்கினார். பிளேபேக் வேண்டாம், நிஜமாகவே வாசிப்போம் என்றது குழு. அதற்காக ஊருக்குள்ளிருந்து நீளமாகக் கேபிள் இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஸ்பீக்கர், வயர், வேலையாட்கள் எல்லாம் படத்தில் தெரிகிறார்கள், யாரும் மறைக்கவில்லை. உங்கள் குளமும் அந்த அரங்கும் ஒரே வகை இடம். ஆனால் சாட்சி வேறு. அங்கே வயர் சாட்சி. உங்களிடம் அது இல்லாததால், டிரம் தோலிலிருந்து எழும்பும் குளத்துப் புழுதியைச் சாட்சியாக்கியிருக்கிறீர்கள். அந்த ஷாட் அருமை. அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

பாடகரே மையம் என்பதற்கு வருகிறேன். உங்கள் பாடக்குறிப்பு, மியூசிக் வீடியோவை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992இல் எழுதியதை ஒட்டியதாக இருக்கும். ரெக்கார்டு கம்பெனிக்கு விற்க ஒரு முகம் வேண்டும், அதனால் குளோசப் கேட்கும் என்பது சரியான கவனிப்பு. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி சேனல் தொடங்கி, நாள் முழுக்க வீடியோ ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தேவை இன்னும் அதிகமானது. ஆனால் உங்கள் பேண்டுக்குக் கம்பெனியே கிடையாது. பிறகு ஏன் படத்தின் பெரும்பகுதி பாடகர் முகம்?

கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். நடுவில் வில்லுக்குப் பின்னால் புலவர் இருந்தாலும், குடம், உடுக்கை, ஜால்ரா, 'ஆமா' போடுகிறவர் என்று எல்லாரும் விடியவிடியக் கண்முன்னே இருக்கிறார்கள். சாமியாடுகிற நேரத்தில் குடத்தின் வேகம் கூடும், நம் கண் தானாகக் குடத்துக்குப் போகும். எங்கே பார்ப்பது என்பது நம் உரிமை. வீடியோவில் அந்த உரிமை எடிட்டர் கையில் இருக்கிறது. உங்கள் வீடியோவில் பேஸ் கிடார் வாசிப்பவர் முழுதாக ஓரிரு நொடிதான் தெரிகிறார். இரண்டாவது சரணத்தில் பாட்டை நகர்த்துவதே அவருடைய விரல்தான். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'நாங்கள் நால்வர் வாசிக்கிறோம்' என்று சொல்ல வந்த வீடியோ, ஒருவரைச் சாட்சிக்கே கூப்பிடவில்லை என்பது குறைதான். வயர் இல்லாததைவிடப் பெரிய குறை.

பார்க்கிறவர்கள் ஏன் கண்டுகொள்வதில்லை என்றால், சாட்சிகள் வேலை செய்கிற வரைக்கும் யாரும் வயரைத் தேடுவதில்லை. அந்தப் பெரியவர் ஆயுள் முழுக்கச் சத்தம் உண்டாக்கியவர். கை எங்கே படுகிறது, சத்தம் எங்கே பிறக்கிறது என்றுதான் அவர் கண் பார்க்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு அந்த வீடியோவை அவரோடு சேர்ந்து பாருங்கள். யார் நிஜமாக வாசிக்கிறார்கள், யார் பாவனை செய்கிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளோடு கட்டுரையை மறுபடி எழுதினால் எனக்கும் அனுப்புங்கள். வீடியோவைத் திரும்ப எடிட் செய்கிற எண்ணம் இருந்தால், இரண்டாவது சரணத்தை பேஸ்காரருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி