தொட்டிக்கு ஒரு விலை, குளத்துக்கு ஒரு விலை

கேள்வி: தோட்டத்தில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் தரைக்குள் இறக்கி ஒரு நீச்சல் குளம் கட்டலாம் என்று மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூன்றிலும் ஒரே அளவு, ஒரே கான்கிரீட், ஒரே டைல்ஸ். ஆனால் ஒருவர் கேட்கும் தொகை இன்னொருவர் கேட்பதில் ஏறக்குறைய பாதிதான். அவர் ஏமாற்றுகிறாரா, மற்றவர் கொள்ளையடிக்கிறாரா?

பதில்: இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். பாதி விலைக்காரரின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி: ‘மண் அகற்றுதல், மின் இணைப்பு, சுற்றுத்தளம், வேலி ஆகியவை உரிமையாளர் பொறுப்பு.’ அவர் தொட்டிக்கு விலை சொல்லியிருக்கிறார், மற்றவர் குளத்துக்கு.

அந்த வரியில் முதலில் நிற்கும் மண்ணையே எடுத்துக்கொள்வோம். சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் குளத்தில் நிற்கும் தண்ணீர் 45 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர் சொச்சம். குழி அந்த அளவோடு நிற்காது. சுவர் கனம், அடித்தளம், ஆள் இறங்கி வேலை செய்ய இடம் எல்லாம் சேர்த்து 9 மீட்டருக்கு 5 மீட்டர், ஆழம் 1.75 மீட்டர் தோண்டினால் கிட்டத்தட்ட 79 கன மீட்டர். தோண்டிய மண் இறுக்கம் தளர்ந்து கால் பங்கு உப்பும். ஆக நூறு கன மீட்டர் மண் உங்கள் வாசலில் குவிந்து கிடக்கும். 8 கன மீட்டர் கொள்ளும் டிப்பர் லாரி என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நடை. அதைக் கொட்ட இடமும் வேண்டும், கொட்டக் கூலியும் வேண்டும். ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார் மனிதர்.

அதைவிடப் பெரிய சங்கதி, தோண்டும்போது என்ன வரும் என்பது. பாறை வந்தால் உடைக்கும் மெஷின் வர வேண்டும். ஊற்று வந்தால் வேலை முடியும்வரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். மூன்று கொட்டேஷனில் ஒன்றில்கூட இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒப்பந்தம் போடும் முன்பே குளம் வரப்போகும் இடத்தில் 2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். முடிந்தால் மழை ஓய்ந்த கையோடு வெட்டுங்கள், நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். பாறை வந்தால் கன மீட்டருக்கு என்ன கணக்கு என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். பாதி தோண்டிய குழியை வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது.

‘கான்கிரீட் தொட்டி’ என்று மட்டும் எழுதியிருப்பதும் போதாது. சுவர் கனம் எவ்வளவு, கம்பி எத்தனை மில்லிமீட்டர், எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி, ஒற்றை வலையா இரட்டை வலையா, கான்கிரீட் என்ன தரம், வாட்டர்ப்ரூஃபிங் எத்தனை கோட்டிங் என்று எழுத்தில் வரட்டும். இவை எல்லாம் டைல்ஸுக்குப் பின்னால் மறைந்துபோகிறவை. பின்னால் சண்டை போட உங்களிடம் அந்தத் தாளைத் தவிர ஒன்றும் இருக்காது.

பணத்தை வேலையின் கட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள்: தோண்டி முடித்ததும், கம்பி கட்டியதும், கான்கிரீட் போட்டதும் என்று. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், சுற்றி மண் நிரப்புவதற்கும் முன், தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விடச் சொல்லுங்கள். முதல் ஓரிரு நாள் கான்கிரீட் கொஞ்சம் உறிஞ்சும், அது போகட்டும். அதற்குப் பிறகும் மட்டம் இறங்கினால், ஈரம் எங்கே கசிகிறது என்று வெளிச்சுவரில் பார்த்துவிடலாம். இந்தச் சோதனை முடியாமல் அடுத்த தவணை கிடையாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: ‘எப்படியும் மெஷின் வரப்போகிறது, 10-க்கு 5 ஆக்கிவிடுங்கள், கொஞ்சம்தான் கூடும்’ என்கிறார் காண்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று பார்ப்போம். 8-க்கு 4 குளத்தில் தரையும் சுவருமாக டைல்ஸ் ஒட்ட வேண்டிய பரப்பு 66 சதுர மீட்டர். 10-க்கு 5 ஆக்கினால் 92. தண்ணீர் 45,000 லிட்டரிலிருந்து 70,000 ஆகிறது. கட்டும் செலவு ஒரு தடவையோடு போகும். கூடின 25,000 லிட்டரை வருஷம் முழுக்க வடிகட்டி, மருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே! மெஷினை வரவழைக்கும் செலவு ஒன்றுதான் அப்படியே நிற்கும். மற்றதெல்லாம் கூடும்.

பெரிதாக்க நினைக்கும் பணத்தில் வேலி போடுங்கள். நான்கு பக்கமும், 1.2 மீட்டருக்குக் குறையாமல், தானே மூடித் தானே தாழ் விழும் கதவோடு. வீட்டுச் சுவரையே ஒரு பக்க வேலியாகக் கணக்குக் காட்டுவார்கள். அப்படியானால் வீட்டிலிருந்து குழந்தை நேரே குளத்துக்குப் போகும் வழியை யார் அடைப்பது?

கேள்வி: ரெடிமேட் ஃபைபர் தொட்டி மலிவா, கான்கிரீட் மலிவா? வினைல் விரிப்பு போட்டது எல்லாவற்றையும்விட மலிவு என்கிறார்களே?

பதில்: கட்டும் நாளில் பார்த்தால் வினைல்தான் பெரும்பாலும் குறைவு. ஆனால் அந்த விரிப்பு முக்கால் மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு பிளாஸ்டிக் தாள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, முன்னே பின்னே, மாற்ற வேண்டிவரும். நாய் வளர்ப்பவர்கள் அதன் நகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் தொட்டி தொழிற்சாலையிலிருந்து ஒரே துண்டாக வருகிறது. சில நாளில் இறக்கிவிடலாம், உள்பக்கம் வழவழப்பு, பாசி எளிதில் பிடிக்காது. ஆனால் லாரியில் வரக்கூடிய அகலம்தான் கிடைக்கும், வீட்டைத் தாண்டித் தூக்கி வைக்கக் கிரேன் வேண்டும். அந்தக் கிரேன் யார் செலவு என்று கேட்டீர்களா? கான்கிரீட்டில் விரும்பிய வடிவம் கிடைக்கும். வேலை மாதக் கணக்கில் இழுக்கும், டைல்ஸ் இடுக்குகளுக்கு அவ்வப்போது கை வைக்க வேண்டும். இடம் ஒழுங்கான செவ்வகமாக இருந்து, வண்டி போக வழியும் இருந்தால் நான் ஃபைபர் பக்கம்தான் சாய்வேன்.

கேள்வி: கட்டி முடித்த பிறகு மாதச் செலவு என்ன வரும்?

பதில்: பெரிய பங்கு கரண்டுக்கு. 1 குதிரைத்திறன் பம்ப் ஓட மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட். தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட். உங்கள் மின்கட்டணத்தின் உயர்ந்த படியில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் விலை அதிகம்தான். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒன்றாகும் என்பது கணக்கு. இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் செலவு கால் பங்குதான். நடைமுறையில் அவ்வளவு கச்சிதமாக வராது, இருந்தாலும் கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பி வந்துவிடும்.

அடுத்து தண்ணீர். வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் உங்கள் குளத்தில் தினம் 160 லிட்டர் போகும். மணல் ஃபில்டரில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசும் ஒவ்வொரு தடவையும் இன்னும் சில நூறு லிட்டர். இரவில் மூடி வைக்க ஒரு விரிப்பு வாங்கினால் ஆவியாவது வெகுவாகக் குறையும். குளோரின் 10 லட்சத்தில் 1 முதல் 3 பங்கு, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் என்று வாரம் இரண்டு தடவையாவது சோதித்தால் மருந்துச் செலவு கைமீறாது. சோம்பினால் ஒரு நாள் பச்சையாக நிற்கும். அதைத் தெளிய வைக்கும் செலவு தனி.

கேள்வி: உப்பு நீர்க் குளம் என்றால் குளோரினே வேண்டாமாமே?

பதில்: அந்தக் கருவி உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது. உங்கள் குளத்துக்குத் தொடக்கத்தில் 150 கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். கருவியின் மின்தகட்டுப் பகுதியை சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அது மலிவான சாமான் அல்ல. டப்பா தூக்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

கேள்வி: குளம் கட்டி ஆறு மாதம் ஆகிறது. தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. ‘ஆவியாகிறது சார், வெயிலைப் பாருங்கள்’ என்கிறார் காண்ட்ராக்டர். நச்சரித்தால், ‘முழுக்க இறைத்துவிட்டுப் பார்க்கிறேன்’ என்கிறார். விடலாமா?

பதில்: இறைக்க விடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்து, மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் படிக்கட்டில் வையுங்கள். வாளியின் கழுத்து நீருக்கு வெளியே தெரிய வேண்டும். குளத்தில் நீர் எந்த மட்டமோ வாளிக்குள்ளும் அதே மட்டம் வரும்படி ஊற்றி, உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு போடுங்கள். பம்பை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க யாரும் இறங்காமல் விடுங்கள். மழை பெய்தால் கணக்கு செல்லாது. இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் காண்ட்ராக்டர் சொன்னதுதான் சரி. குளத்தில் அதிகம் குறைந்திருந்தால் கசிவு. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும், 8-க்கு 4 குளத்தில், 32 லிட்டர். மறுநாள் பம்பை ஓடவிட்டு இதையே செய்யுங்கள். அப்போது இன்னும் வேகமாகக் குறைந்தால் தொட்டியை விட்டுவிட்டு முதலில் பைப்பைத் தேடச் சொல்லுங்கள்.

இறைக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. தெரிந்த வீடொன்றில் மழைக்காலத்தில் சுத்தம் செய்வதற்காகக் குளத்தைக் காலி செய்தார்கள். மறுநாள் காலை பார்த்தால் ஒரு மூலை சாண் உயரம் மேலே எழும்பி நிற்கிறது, சுற்றுத்தளக் கற்கள் பெயர்ந்து கிடக்கின்றன, கைப்பிடி ஏணி சாய்ந்திருக்கிறது. நிலத்தடி நீர் குளத்தின் தரைமட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், 32 சதுர மீட்டர் தரையைக் கீழிருந்து 32 டன் விசையோடு தள்ளும். குளம் நிறைந்திருக்கும்போது 45 டன் தண்ணீர் மேலிருந்து அமுக்குவதால் அது தெரிவதில்லை. காலித் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும், ஃபைபர் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். தரையில் நீரழுத்தம் விடும் வால்வு வைத்திருக்கிறாரா, வைத்திருந்தால் எங்கே என்று காண்ட்ராக்டரைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் நீர்மட்டத்தை எட்டிப் பாருங்கள். அது நன்றாக இறங்கியிருக்கும் கோடையில் மட்டும் இறைக்கச் சம்மதியுங்கள். அதுவும், தொட்டிக்கு ஏதாவது ஆனால் தன் பொறுப்பு என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு.