கரையைக் கூட்டுவது வீண் வேலையா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு சேவை கிளப் நடத்துகிறோம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் மரக்கன்று நடுகிறோம், ஜூன் 14 ரத்ததானத் தினத்தில் முகாம் வைக்கிறோம், செப்டம்பரில் கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம். ஆரம்பத்தில் நாற்பது பேர் வந்தோம். இப்போது பத்துப் பேர் தேறினால் பெரிது. கன்றுகளில் பாதிக்கு மேல் கருகிவிட்டன. முகாமுக்கு ஆட்கள் வருவதில்லை. கூட்டிய கரையில் கொஞ்ச நாளிலேயே பழையபடி குப்பை. ‘போட்டோ எடுக்கத்தானப்பா வர்றீங்க’ என்று மீனவப் பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தொடர்வதில் பயன் உண்டா? பெரிய சங்கம் எதிலாவது சேர்ந்துவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பயன் உண்டு. நிறுத்திவிடாதீர்கள். மாற்ற வேண்டியது உங்கள் தேதிகளை மட்டும்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதிய மூன்றுமே உலகத்துக்கெல்லாம் பொதுவான நாட்கள். உங்கள் கரையில் எது எப்போது நடக்கும் என்பதைக் காற்றும் மழையும் கடல் தொழிலும் அல்லவா தீர்மானிக்கின்றன?

கன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். ராமநாதபுரத்துக்கு மிஞ்சுவது வெக்கையும் காற்றும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அதுவரை கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நடக்கிற ஊர்கள் நம்முடையவை. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையிலும் ஊருணிக் கரையிலும் ஊன்றுங்கள். பெய்கிற மழையிலேயே வேர் கீழே இறங்கிவிடும், ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கிழங்குக்காக யாரும் தோண்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடற்கரை மணலில் மட்டும் எதையும் நடாதீர்கள். அது ஆமை ஏறி முட்டையிடுகிற இடம்.

ரத்ததானத்துக்கு ஜூன் 14 எப்படிப்பட்ட நாள் என்று யோசித்தீர்களா? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி, 61 நாள் ஓடி, சரியாக ஜூன் 14-ல்தான் முடிகிறது. அன்றைக்கு விசைப்படகுக்காரர்கள் ஐஸ் ஏற்றுவார்களா, டீசல் பிடிப்பார்களா, உங்கள் முகாமில் வந்து படுப்பார்களா? அதே முகாமை மே மாதத்தில் வையுங்கள். ஆண்கள் ஊரில் இருப்பார்கள். கல்லூரிகள் விடுமுறையில் இருப்பதால் ரத்த வங்கிகளில் கையிருப்பு குறைகிற மாதமும் அதுதான். ஒரே நாளில் நூறு யூனிட் சேர்த்துவிட்டு வருஷம் முழுக்கச் சும்மா இருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாள்தான் வைத்திருக்க முடியும், தட்டணுக்களை 5 நாள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். ஆகவே ஊரில் யார் யாருக்கு என்ன வகை, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் ஒரு பிரசவத்துக்கு நெகட்டிவ் ரத்தம் வேண்டுமென்றால் கைகொடுக்கப்போவது அந்த நோட்டுதான்.

இனி குப்பை. உங்கள் மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குக் காற்று தெற்குக் கரையைப் போட்டு அடிக்கும். மழைக்காலத்தில் வாடை வந்து வடகரையை அடிக்கும். படகுகளைக்கூடக் காற்றுக்குத் தக்கபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கட்டுகிறார்கள். மிதக்கிற குப்பையையும் அதே காற்றுதான் கரையில் ஒதுக்குகிறது. காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது கூட்டினால் மறுநாளே திரும்ப வந்து கிடக்கும். தெற்குக் கரையைப் புரட்டாசியிலும் வடகரையை மாசியிலும் கூட்டிப் பாருங்கள். மாசி ஆமைக் காலம் என்பதால் வனத்துறையினரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். கருகிய இலை மாதிரி ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லை அள்ள வேண்டாம், அது குப்பை அல்ல.

வலைதான் பெரிய வேலை. மணலுக்கு மேலே நைலான் நூலின் ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் வராது, கைதான் அறுபடும். சுற்றிலும் தோண்டினால் ஒரு பாய் அகலத்துக்கு வலை, உள்ளே மிதவை, ஈயக்குண்டு, காய்ந்துபோன நண்டுக்கால்கள். கத்தியால் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அலை அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோனால், ஆளே இல்லாமல் அது உயிர்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆமைக்கும் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். சிக்கினால் மூழ்கியே செத்துப்போகும். தடைக்காலத்தில்தான் வலைகளைப் பிரித்துப்போட்டுச் சீர் பார்ப்பார்கள். அப்போது கொட்டகைக்கு ஒரு சாக்கு கொடுத்து, வெட்டிப்போடும் துண்டுகளை அதில் போடச் சொல்லி, வாரம் ஒரு தடவை போய் வாங்கிவாருங்கள். கரையில் தோண்டும் வேலை பாதி குறையும்.

இதற்கெல்லாம் அந்தப் பெரியவர் உங்களுக்கு வேண்டும். அவர் சொன்னது வலித்திருக்கும். ஆனாலும் போய்ப் பாருங்கள். எந்தக் காற்றுக்கு எந்த இடத்தில் குப்பை ஒதுங்கும் என்று அவரிடமே கேளுங்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களைப் பாருங்கள், தூரமில்லை. கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறவர்கள். பௌர்ணமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியுமாக மாதத்துக்கு 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களை வழிநடத்திய லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது. நிலவைப் பார்த்து நாள் குறித்த அவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பெரிய சங்கத்தில் சேர்வதில் தவறே இல்லை. இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014-ல் கிடைத்ததில் ரோட்டரி சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே வேலையை ஆண்டுக்கணக்காக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பணமும் டாக்டர்களும் அவர்கள் மூலமாக வரட்டும். தேதியை மட்டும் நீங்கள் குறியுங்கள்.

ஆடி பிறந்ததும் பனங்கொட்டை பொறுக்கத் தொடங்கிவிடுங்கள். அதற்குப் பத்துப் பேர் தாராளம்.

அன்புடன்,
அக்கா