பெட்டிக்கரின் கொள்ளையர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்ததால் ஹாலிவுட் இயக்குநர் பட் பெட்டிக்கரின் 'ரைட் லோன்ஸம்' என்ற கௌபாய் படத்தைப் பார்த்தேன். 73 நிமிடம்தான். கதை மெலிந்திருக்கிறது, எங்கு திரும்பினாலும் அதே பாறைகள். பெரிய முதலீடு கிடைத்திருந்தால் இவர் கௌபாய் படங்களின் பெரிய இயக்குநர் ஜான் ஃபோர்டு அளவுக்கு வந்திருப்பார் அல்லவா? ஹாலிவுட்டை விட்டு மெக்சிகோவுக்குப் போய்க் காளைச்சண்டை வீரரைப் படமெடுத்தது முட்டாள்தனமாகவும் தோன்றுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று நாட்களாக நானும் அந்தப் படத்திலேயேதான் கிடக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

பாறைகள் அதேதான், கலிஃபோர்னியாவின் லோன் பைன் பக்கத்தில் இருப்பவை. இருந்துவிட்டுப் போகட்டும். ஃபோர்டு ஒப்பீட்டையும் விடுங்கள். ஆனால் 'முதலீடு கிடைத்திருந்தால்' என்று எழுதினீர்களே, கல்யாண வீட்டில் முகூர்த்தத்தை விட்டுவிட்டுப் பந்தியை எண்ணுகிறவரின் கேள்வி அது! கூடுதல் பணத்தில் என்ன வாங்கியிருப்பார்? இன்னும் 200 குதிரைகள்.

அந்தப் படத்தில் பூன், விட் என்று இரண்டு கொள்ளையர்கள் வருகிறார்களே, அவர்களைப் பார்த்தீர்களா இல்லையா? கதாநாயகன் பிடித்துச்செல்லும் கைதியை ஒப்படைத்தால் பொதுமன்னிப்பு கிடைக்கும், நிலத்தில் குடியேறிவிடலாம் என்பது பூனின் கனவு. அதில் பாதி உனக்கு என்கிறான் விட்டிடம். எதற்கு என்று விழிக்கிறான் விட். உன்னை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் என்கிறான் பூன். அது எனக்குத் தெரியவே தெரியாதே என்கிறான் மற்றவன். விட்டாக வருபவர் ஜேம்ஸ் கோபர்ன், அவருக்கு அதுதான் முதல் படம். பர்ட் கென்னடி எழுதிய இந்த நாலு வரிக்கு எத்தனை டாலர் செலவாகியிருக்கும்? கதாநாயகன் ராண்டால்ஃப் ஸ்காட் வாயை இறுக்கிக்கொண்டு பழிவாங்கப் போகிறார். ஆசைப்படும் வேலையைப் பெட்டிக்கர் கொள்ளையர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

ஒரே அறையில் ஒரு நண்பரோடு ஒன்பது வருடங்கள் குடியிருந்தேன். வாடகையில் பாதி, பாலில் பாதி, மின்கட்டணத்தில் பாதி. அவர் ஊரோடு கிளம்பியபோது பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "சாவியைக் கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டேன். சட்டைப்பையில் தேடி எடுத்துக் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

மெக்சிகோவைப் பற்றிக் கேட்டீர்கள். முட்டாள்தனம்தான், யார் இல்லையென்றார்கள்? பெட்டிக்கர் இளமையில் அங்கே காளைச்சண்டை கற்றவர், 1941-இல் வந்த ஒரு காளைச்சண்டைப் படத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். காளைச்சண்டை வீரர் கார்லோஸ் அர்ருசாவைப் படமெடுக்கப் போய் மணவாழ்க்கையையும் பணத்தையும் இழந்தார். சிறையையும் மனநலக் காப்பகத்தையும் பார்த்தார். 1966-இல் அர்ருசாவே கார் விபத்தில் இறந்துபோனார். அப்படியும் பெட்டிக்கர் படத்தை முடித்தார். நீங்களும் நானும் எந்த வேலையை இப்படி முடித்திருக்கிறோம்?

அடுத்து 'த டால் டி' பாருங்கள். அதில் வில்லனாக நடிக்கும் ரிச்சர்ட் பூன் கதாநாயகனைக் கொல்லாமல் வைத்திருப்பதே பேச்சுத்துணைக்காகத்தான். 78 நிமிடம். படம் சிறியது என்று மறுபடி கடிதம் எழுதாதீர்கள்.