பெட்டியில் போட்ட வேகமும் வீட்டில் வரும் வேகமும்

கேள்வி: ரவுட்டர் பெட்டியில் 1200 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. ஐந்து பேர் பயன்படுத்தினால் ஆளுக்கு 240 கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ரவுட்டருக்கு இரண்டு அலைவரிசைகள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி, மேலே இழுத்து முழு எண்ணாக்கிப் போட்டது அது. உங்கள் போன் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். அதைவிட முக்கியம், ஒரு சேனலில், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பிடித்துக்கொள்ளும் ஒரு பாதையில், வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான் முறை. கடைசி அறையில் சிக்னல் தேய்ந்துபோன பழைய லேப்டாப் 6 எம்பிபிஎஸ்ஸில் இழுக்கிறது என்று வையுங்கள். 1500 பைட் டேட்டா அதற்குப் போய்ச் சேர 2 மில்லிசெகண்ட் ஆகும். 600-இல் ஓடக்கூடிய போனுக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும், ஆனாலும் அது காத்துக் கிடக்க வேண்டும். பலர் சேர்ந்தால் எப்படிப் பங்கு போடும் என்பதைத்தான் பெட்டியில் அச்சடிக்க வேண்டும்.

கேள்வி: 'எம்யூ-மைமோ இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டேட்டா போகும்' என்று சொல்லி விற்றார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது 'உங்கள் போன்தான் பழசு' என்கிறார்கள்.

பதில்: விற்பதற்கு முன் சொல்ல வேண்டியதை விற்றபின் சொல்கிறார்கள். தவறு உங்கள் மேல் இல்லை. இதே பேச்சை நம்பி நானும் எட்டு ஆன்டெனா வைத்த ஒன்றை வாங்கினேன். வீட்டுப் போன்களில் ஒன்றுகூட அதற்கு ஏற்றதாக இல்லை. வைஃபை 5-இல் (எண் வைஃபையின் தலைமுறையைச் சொல்கிறது) இந்த வசதி ரவுட்டரிலிருந்து கருவிக்குப் போகும் திசையில் மட்டும்தான், ஒரே வேளையில் அதிகபட்சம் 4 கருவிகளுக்கு. அந்தக் கருவிகளிலும் வசதி இருந்தாக வேண்டும். பில்லையும் விளம்பரத்தையும் இணைத்து, பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: வீடு நிறையச் சின்னச் சின்னக் கருவிகள். வைஃபை 6 உதவுமா?

பதில்: கருவிகளும் வைஃபை 6 என்றால் உதவும். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை 9 துண்டுகள் வரை பிரித்து, ஒன்பது பேருடைய சின்ன டேட்டாப் பொட்டலங்களை ஒரே நடையில் அனுப்பிவிடும். ஸ்மார்ட் பல்பு, பிளக் வகையறாவில் பல இன்னும் வைஃபை 4-தான், அவற்றுக்கு இந்தப் பிரிப்பு கிடையாது. முதலில் கருவிகளைப் பாருங்கள், அப்புறம் ரவுட்டர்.

கேள்வி: ரவுட்டர் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. வேகம் போதாமல் மூன்றாவது ரிப்பீட்டரும் வாங்கிவிட்டேன், இன்னும் மோசம். நான்காவது எது வாங்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் வாங்கிய டேட்டாவை அதே சேனலில் மறுபடி சொல்கிறது, இருக்கிற நேரத்தையும் தின்கிறது. மூன்றையும் கழற்றுங்கள். ரவுட்டரை அலமாரியை விட்டு வெளியே எடுங்கள்.