'ரூம்' நாவலைப் பாதியில் மூடி வைத்தவருக்கு

எம்மா டோனகியூவின் 'ரூம்' நாவலை அறுபது பக்கத்தோடு மூடிவிட்டேன், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தால் தூக்கமே வரவில்லை, அந்தப் பையனுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவன் கடத்திவந்து ஓர் அறைக்குள் அடைத்து வைத்திருக்கும் பெண்ணும், அங்கேயே அவளுக்குப் பிறந்த பையன் ஜாக்கும்தான் கதை. ஜாக் பிழைத்துவிடுகிறான், அவன் அம்மாவும்தான். தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் தப்பிப்பது ஏறக்குறைய நடுவிலேயே வந்துவிடுகிறது. மீதிப் புத்தகம் முழுக்க வெளியே வந்தபிறகு இருவரும் எப்படி வாழப் பழகுகிறார்கள் என்பதுதான்.

கொடுமை எதுவும் நேரடியாக விவரிக்கப்படுவதில்லை. ஐந்து வயதுப் பையன்தான் கதை சொல்கிறான், அடைத்து வைத்தவன் இரவில் வரும்போது அலமாரிக்குள் படுத்துக்கொண்டு கட்டில் கிரீச்சிடுவதை எண்ணுகிறான், அவனுக்குப் புரியாதது நமக்குப் புரிந்துவிடுவதுதான் நெஞ்சை அடைக்கிறது. ஆனால் அதே பதினொரு அடிச் சதுர அறைக்குள் அந்த அம்மா அவனுக்கு உடற்பயிற்சி, பாட்டு, கதை, முட்டை ஓட்டில் கோத்த பாம்பு என்று ஒரு முழு உலகத்தையே கட்டித் தந்திருக்கிறாள் பாருங்கள், அந்தப் பக்கங்களுக்காகவே நான் இரண்டு முறை படித்தேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வெளியே வந்தபின் ஓர் இடத்தில் அம்மா தற்கொலைக்கு முயல்கிறாள், காப்பாற்றிவிடுகிறார்கள், ஆனால் ஜாக் அவளைப் பிரிந்து இருக்கும் பகுதி எனக்கு அறையைவிடக் கனமாக இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு மனம் சோர்ந்திருந்தால் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். சரி, படித்தே ஆக வேண்டும் என்றால் பகலில் படியுங்கள், குழந்தை பக்கத்தில் தூங்கும்போது.