மூலக்கூறின் வடிவத்தைப் புரிந்துகொள்ள அரூப ஓவியம் உதவுமா?

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் மகளுக்கு மூலக்கூறுகளின் சமச்சீர் மனதில் பதியவில்லை, அரூப ஓவியம் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கும். ஆனால் தாளோடு நின்றால் பாதி வழிதான்.

தட்டையானவற்றுக்குக் கோலமே போதும். (வெள்ளவத்தை மாடிவீடுகளில் முற்றத்துக்கு எங்கே போவது? தாளிலேயே போடட்டும்.) பென்சீன் அறுகோணக் கோலம், 60 பாகை திருப்பினாலும் அதே கோலம். போரன் முப்புளோரைட்டு மூன்று இதழ், 120 பாகை. அணு, பிணைப்பு எதுவும் வரையாமல் வண்ணத் திட்டுகளாலேயே காட்டலாம்.

சிக்கல் மெதேனில் வரும். அதன் பிணைப்புகளுக்கு இடையிலான 109.5 பாகை தாளில் வெறும் சிலுவையாகிவிடும். இங்கேதான் வெசாக் கூடு (வெசாக் பண்டிகைக் காகித விளக்கு) கட்டும் மூங்கில் ஈர்க்கு உதவும். சம நீளத்தில் 6 ஈர்க்குகளைக் கட்டினால் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகி: நடுவே காபன், மூலைகளில் ஐதரசன். 12 கட்டினால் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகி, அதாவது கந்தக எக்சாபுளோரைட்டின் வடிவம்.

அப்புறம் எனக்குப் பிடித்த பகுதி. நான்முகியின் நான்கு மூலைகளிலும் நான்கு நிறத் திசுத்தாள் ஒட்டுங்கள். இன்னொன்று செய்து, அதில் இரண்டு நிறங்களை மட்டும் இடம் மாற்றுங்கள். எப்படித் திருப்பினாலும் இரண்டும் பொருந்தாது, இடக்கை வலக்கை மாதிரி. இலற்றிக் அமிலத்தில் ஒரு காபனைச் சுற்றி நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இருக்கின்றன; அதற்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் இருப்பது இதனால்தான்.

ஈர்க்கை மட்டும் அளந்து வெட்டுங்கள். நீளம் பிசகினால் கோணமும் கோணல்தான்.