மாட்டுக்கு வந்த சர்ரா நமக்கும் வருமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்புப் பசு காய்ச்சல் கண்டு, தொழுவத்துக்குள் வட்டமடித்துச் சுற்றியது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ‘சர்ரா’ என்றார். ஊசி போட்டதும் தேறிவிட்டது. ஆனால் ரத்தம் எடுத்தபோது என் கையிலும் பட்டது. எனக்குத் தொற்றுமா? போன மாதம் எடுத்த டெஸ்ட்டில் எனக்கு எச்.டி.எல். 36தான்.
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: முப்பது வருடமாக சர்ரா மாடுகளுக்கு ஊசி போட்டு வருகிறேன், நான் இன்னும் வட்டமடிக்கவில்லை. தைரியமாக இருங்கள்.

காய்ச்சலில் இருக்கும் மாட்டின் ரத்தம் ஒரு சொட்டை, காய்வதற்குள் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுக்கள் யாரோ இடித்துத் தள்ளுவதுபோல் அங்கங்கே குலுங்கும். உற்றுப் பார்த்தால் நடுவே சாட்டை மாதிரி ஒன்று நெளியும். அதுதான் சர்ராவுக்குக் காரணமான ட்ரிபனோசோமா இவான்சி. கடி ஈக்கள் மாட்டுக்கு மாடு பரப்புகிற ஒட்டுண்ணி.

இதை நம் ரத்தத்தில் விட்டால் பொதுவாக ஊதிச் செத்துவிடும். கொல்வது வெள்ளை அணுகூட இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அதே எச்.டி.எல்.தான்! நல்ல கொழுப்பு என்றால் இதயத்துக்கு மட்டும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். எச்.டி.எல். என்பது ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் துகள்கள். அவற்றில் சிலவற்றில் ‘அப்போ எல்-1’ (APOL1) என்றொரு புரதம் ஒட்டியிருக்கிறது. கூடவே இருக்கும் இன்னொரு புரதம், ஒட்டுண்ணிக்கு வேண்டிய இரும்புச்சத்துத் தீனி மாதிரி வேஷம் போடுகிறது. ஒட்டுண்ணி ஆசையாக விழுங்குகிறது. உள்ளே அமிலம் பட்டதும் அப்போ எல்-1 அதன் சவ்வில் ஓட்டை போடும். உப்பும் தண்ணீரும் புகுந்து வீங்கி வெடிக்கும். மாட்டுக்கு இந்தப் புரதம் கிடையாது.

புரதம் இல்லாத மனிதருக்கு என்ன ஆகும்? 2004-ல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல். ரத்தத்தில் சர்ரா கிருமி நெளிந்தது. அவருடைய அப்போ எல்-1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. புரதம் துளியும் இல்லை. சோதனைக்குழாயில் அவர் ரத்தநீரோடு அந்தப் புரதத்தைச் சேர்த்ததும் கிருமிகள் செத்தன. சூரமின் மருந்தில் அவர் குணமானார். அந்த ஊரில் சுமார் 1,800 பேரைப் பரிசோதித்தும் வேறு யார் ரத்தத்திலும் கிருமி சிக்கவில்லை.

அதற்காக அலட்சியம் கூடாது. 2015-ல் வியட்நாமில் புரதம் சரியாகவே இருந்த ஒரு பெண்ணுக்கும் இது வந்தது. மாட்டிறைச்சி வெட்டும்போது அவர் கையில் காயம் பட்டிருந்ததாம்.

உங்கள் 36-க்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அந்த டெஸ்ட் துகளில் உள்ள கொலஸ்ட்ராலை அளக்கிறது, இந்தப் புரதத்தை அல்ல. அந்த எண்ணைப் பற்றி மனித டாக்டரிடம் கேளுங்கள். அன்று கையில் வெட்டுக்காயம் இருந்து, இப்போது விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தால், மாட்டுக்கு சர்ரா வந்ததையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை அடுத்த மாட்டுக்குக் குத்த விடாதீர்கள். ஈயைப் போலவே ஊசியும் பரப்பும்.